விலாசம் தெரியாத தேடல்

"மாமனார் பேரை நான் எப்படிப்பா சொல்லுவேன்? விலாசத்தைச் சொல்றேன், எழுதிக்க. சூனா பானா."

காரைக்குடி செக்காலையில் ஒரு பழைய வீட்டின் பட்டாலையில் உட்கார்ந்து ஆச்சி இப்படிச் சொன்னார். எதிரே கைப்பேசியும் கையுமாகப் பேரன். அவர் என் நண்பர். தாத்தாவின் அப்பா பர்மாவில் எந்த ஊரில் கடை வைத்திருந்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். "மோல்மேன்னு சொல்லுவாக. பெகுன்னும் சொல்லுவாக. எது நம்ம கடை, எது பங்காளி கடைன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்றார் ஆச்சி. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கரையான் பாதி தின்ற பேரேடு இரண்டு. அவற்றில் கடை இருந்த ஊர்ப் பெயரே இல்லை. "கடை" என்று மட்டும் இருந்தது. எழுதியவருக்கு எந்தக் கடை என்று தெரியும், பிறகென்ன?

நண்பர் "சூனா பானா" என்று தேடினார். வடிவேலு வந்தார். பக்கம் பக்கமாக வடிவேலு. ஆச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் அல்ல. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்ப அடையாளம் அது. கொண்டுவிக்க, அதாவது வெளியூரில் தொழில் செய்ய, போன இடத்தில் அதுவே கடையின் பெயர். பெயரை வாயால் சொல்லத் தயங்கும் மருமகள்கூட விலாசத்தைத் தயங்காமல் சொல்வார். அந்த விலாசத்தை உலகத்திலேயே பெரிய தேடுபொறியிடம் கொடுத்தால் நகைச்சுவைக் காட்சி வருகிறது. இது தேடுபொறியின் குற்றமா, கேட்டவரின் குற்றமா, நம் எல்லாருடைய குற்றமா?

ஒரு தேடுகருவியை எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். எங்கோ இருப்பதைக் கண்டெடுத்துத் தருகிறதா? தந்தவற்றில் நம்பத் தக்கதை முன்னால் வைக்கிறதா? முடியாதபோது முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறதா? இந்தச் சோதனைக்குச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது கடினம். உலகம் அறிந்த பெயர் அதற்கு உண்டு. அச்சில் வந்த வரலாறும் உண்டு. யாரும் திறக்காத பெட்டிகளும் வீட்டுக்கு வீடு உண்டு. மூன்றிலும் தேடிப் பார்த்தால் கருவியின் தராதரம் தெரிந்துவிடும். நகரத்தார் கணக்கு முறைப்படியே வரவை முதலில் எழுதுகிறேன்.

வரவு

தேடுவது என்பது ஒரு காலத்தில் நடப்பது. உ.வே. சாமிநாதையர் பழைய நூல்களின் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். இந்தச் சீமையின் மிதிலைப்பட்டிக் கவிராயர் வீட்டிலும் அவருக்கு ஏடுகள் கிடைத்தன. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக உலகம் சுற்றிப் படச்சுருள் துண்டுகளைச் சேகரித்தார். 1940இல் படம் வெளிவந்தது. அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா, புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தன் வீட்டில் சேர்த்து வைத்தார். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டையூருக்கு பஸ் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே அதற்கு ஒரு நூலகம் அமைய வழி செய்தது.

இன்று செக்காலையில் உட்கார்ந்துகொண்டே அந்த நூலகத்தின் பட்டியலைத் துழாவ முடிகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சுப் பக்கங்கள் அட்டையோடு கிடைக்கின்றன. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள், 25 வருஷத்துக்கு முன் ஒரு பழைய பத்திரிகை இதழுக்காகச் சென்னை போய் அனுமதிக் கடிதத்தோடு காத்திருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

எளிய கேள்விகளுக்குத் தேடுபொறி தடுமாறுவதே இல்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது எப்போது? 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று திறப்பு விழா. நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது என்பதும் அப்படியே. ஒரு நிறுவனம் தன் வரலாற்றைத் தானே எழுதி, தேதி போட்டு, திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் தேடுபொறி பிசகாது.

ஆழமான வரவும் உண்டு. நகரத்தாரின் வட்டித் தொழில், கோயில் அமைப்பு, கணக்கு முறை ஆகியவற்றை ஆராய்ந்து டேவிட் ரட்னர் எழுதிய ஆங்கில நூல் 1994இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அது முழுவதும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் நாலு சொல் சரியாகப் போட்டால் போதும். தன் குடும்பத் தொழிலின் உள்கட்டமைப்பு ஒரு பேராசிரியரின் எழுத்தில் கைப்பேசித் திரையில் விரிந்தபோது என் நண்பருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முதல் கேள்விக்கு, அதாவது இருப்பதைக் கண்டெடுக்கிறதா என்பதற்கு, ஆங்கிலத்தில் கேட்டால் நல்ல மதிப்பெண்ணே கொடுக்கலாம்.

பற்று

தமிழில் கேட்டால்? "செட்டிநாடு" என்று மட்டும் போட்டுப் பாருங்கள். கோழி வறுவல் வரும். மசாலாப் பொட்டலம் வரும். அரண்மனை வீட்டில் தங்க அறை வாடகை வரும். ஆத்தங்குடிக் கல் வரும். எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த வரிசை செட்டிநாட்டைப் பற்றிச் சொல்வதைவிட, செட்டிநாட்டிடம் உலகம் என்ன வாங்க விரும்புகிறது என்பதையே அதிகம் சொல்கிறது.

காரணம் கருவியின் பிறவிக் குணத்தில் இருக்கிறது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது கைக்கொண்ட முறையின் சாரம் இது: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களின் மதிப்பு என்ன என்று எண்ணி வரிசைப்படுத்துவது. பலர் போகும் பாதையே நல்ல பாதை என்ற ஊர்நியாயம்தான். பிறகு எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன. அந்தச் சாய்வு மட்டும் போகவில்லை. கோழி வறுவலை ஆயிரம் பேர் சுட்டுகிறார்கள். பேரேட்டை யார் சுட்டுவார்?

அடுத்தது நம் மொழியின் இயல்பு. தேடுபொறி உள்ளே வைத்திருப்பது ஒரு பிரமாண்டமான சொல்லடைவு: இந்தச் சொல் இன்னின்ன பக்கங்களில் இருக்கிறது என்ற பட்டியல். சாமிநாதையர் பதிப்புகளின் பின்னால் இருக்கும் அரும்பத அகராதியின் பேருருவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே உருவில் நிற்கும். தமிழ்ச் சொல் நிற்காது. வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீடுகளுக்கு. மரம் என்பது மரத்தில் என்று ஆனதும் ஈற்று மகரமே காணாமல் போய்விடுகிறது. பெரிய தேடுபொறிகள் இதை ஓரளவு பழகிக்கொண்டன. நூலகப் பட்டியல்களின் தேடல் பெட்டிகளோ பெரும்பாலும் இன்னமும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கின்றன. "நாட்டுக்கோட்டைச் செட்டியார்" என்று இலக்கணப்படி ஒற்றுப் போட்டுத் தேடினால் ஒன்றும், ஒற்று விட்டுத் தேடினால் வேறொன்றும் வருகிற விந்தை அங்கே நடக்கும். பிழையின்றி எழுதுகிறவருக்கு அங்கே தண்டனை!

மூன்றாவது, எழுத்தே இல்லாத எழுத்து. மின்னூலகங்களில் உள்ள பழைய நூல்களில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். கண்ணுக்கு எழுத்து, கருவிக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளி. எழுத்துணரி மென்பொருளை ஓட்டினால் படம் எழுத்தாகும் என்பது உண்மைதான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல வளைந்த ஐகாரத்தோடு நிற்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு நிற்கும். மங்கிய தாளில் அவற்றைப் பார்த்தால் மென்பொருள் விழிக்கிறது. மறுபக்கம், கணினி வந்தபின் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஏற்றிய ஆவணங்களிலும் இதே கதி. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் எழுதப்பட்டவை யாராவது மாற்றித் தரும்வரை தேடலுக்கு ஊமையாகவே கிடக்கின்றன. மதுரைத் திட்டத்தில் ஒரு சொல் உடனே அகப்படுவதும், அதே சொல் மின்னூலகத்தில் அகப்படாததும் இதனால்தான். அங்கே மனிதர் தட்டினார். இங்கே ஒளிவருடி படம் பிடித்தது.

நான்காவதாக வருகிறது ஆச்சி சொன்ன விலாசம். சூனா பானாவை எழுத்தில் எப்படி எழுதுவது? 'சு.ப.' என்று இரண்டு பேரின் முதலெழுத்தாகவா, 'சுப.' என்று ஒருவர் பெயரின் சுருக்கமாகவா? ஆங்கிலத்தில் போனால் சிக்கல் இன்னும் கூடும். காரைக்குடிக்காரரான இராம. சுப்பையாவின் பிள்ளைகள் இருவரை நாடறியும். ஒருவர் சுப. வீரபாண்டியன், மற்றவர் திரைப்பட இயக்குநர் எஸ்.பி. முத்துராமன். 'சுப.'வும் 'எஸ்.பி.'யும் ஒரே அப்பாவின் ஒரே பெயர் என்று காரைக்குடியில் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். கருவியோ இரண்டையும் தொடர்பில்லாத இரண்டு எழுத்துக் கூட்டங்களாகவே பார்க்கிறது. 'சிடி' என்றால் சிதம்பரம், 'பிஎல்' என்றால் பழனியப்பன், 'ஏஆர்' என்றால் அருணாசலம் என்ற வழக்கமும் அதற்குத் தெரியாது. புள்ளிகளை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நகரத்தாருக்கோ புள்ளி விழுகிற இடத்தில்தான் தலைமுறை பிரிகிறது.

இதோடு, பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் வேறு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தகப்பனாரும் முத்தையா, மகனும் முத்தையா. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆள். பள்ளத்தூரில் பிறந்து சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா தனி ஆள். "முத்தையா செட்டியார்" என்று தேடினால் இவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐந்தாவது, காலம். நண்பர் வீட்டுப் பேரேட்டின் மேல் ஓரத்தில் "பிரமோதூத வருஷம் ஐப்பசி மாதம்" என்று இருந்தது. அது 1930. கணக்கு முழுவதும் தமிழ் எண்களில். இப்படிப்பட்ட ஓர் ஏட்டை யாராவது படம் பிடித்து ஏற்றி, எழுத்துணரியும் ஒழுங்காக வாசித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். "1930 பர்மா" என்று தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. அந்தத் தாளில் 1930 இல்லை. பர்மாவும் இல்லை. 'கடை'தான் இருக்கிறது.

சொல்லே ஊர் மாறிவிட்ட வேடிக்கையும் உண்டு. நகரத்தார் கணக்கின் முடிவு ஐந்தொகை. அந்தச் சொல்லைத் தேடினோம். இலங்கைப் பள்ளிகளின் கணக்கியல் பாடங்கள் வந்து குவிந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று மாறிப்போக, இலங்கை மாணவர்கள் இன்னமும் ஐந்தொகைதான் தயாரிக்கிறார்கள். தேடுபொறி இங்கே தவறு செய்யவில்லை. சொல் வாழும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. நமக்கு வேண்டியதோ அது பிறந்த வீடு.

இதுவரை சொன்னவை கண்டெடுப்பதில் உள்ள குறைகள். தரம் பிரிப்பதில் உள்ள குறை இன்னும் மோசம். ஒரே செய்தி பத்து இடத்தில் இருந்தால் பத்து சாட்சி என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. பெரும்பாலும் சாட்சி ஒன்று, எதிரொலி ஒன்பது. பாரதி 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தார். அப்போது எடுத்த புகைப்படம் அவருடைய மிகச் சில அசல் படங்களில் ஒன்று. இணையத்தில் பாரதி படம் தேடினால் ஓவியர் கைவண்ணங்களும் வண்ணம் பூசிய சுவரொட்டிகளும் முந்திக்கொண்டு நிற்கின்றன. எது ஒளிப்படம், எது ஓவியம் என்ற குறிப்பு அநேகமாக இருக்காது. பாரதி எழுதாத வரிகள் பாரதி மீசையோடு சுற்றிவருவதும் இந்த வழியில்தான்.

எண்களிலும் இதே கதை. "பர்மாவின் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது" என்று பல இடங்களில் படிக்கலாம். மூலக் கணக்கு சொல்வது வேறு. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில், 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930களின் முடிவுக்குள் 25 விழுக்காடாயிற்று. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடமான நிலம் கைக்கு வந்து சேர்ந்த கதை அது. '13 மாவட்டம்', 'வீழ்ச்சி', 'அடமானம்' மூன்றையும் உதிர்த்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குற்றச்சாட்டு. தேடல் முடிவின் இரண்டு வரிச் சுருக்கம் முதலில் உதிர்ப்பது இந்தச் சொற்களைத்தான்.

நிகண்டு பேசினால்

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் பழைய தேடுபொறியின் குறைகள். இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கிறதே?

மறுப்பில் நியாயம் இருக்கிறது. நம் மரபு இந்த வேறுபாட்டை முன்பே அறிந்தது. நிகண்டு பொருள்வழியாகச் சொற்களைத் தொகுத்தது. அகராதி எழுத்துவழியாக அடுக்கியது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வாசல்களைத் திறந்து வைத்தது. பழைய தேடுபொறி அகராதி ரகம். புதியது நிகண்டு ரகம். 'வட்டிக்கடை' என்று கேட்டால் 'லேவாதேவி'யையும் சேர்த்துப் பார்க்கும். ரங்கூன்தான் யாங்கோன், பெகுதான் பாகோ, மோல்மேன்தான் மௌலமைன் என்று அதற்குத் தெரியும். நண்பர் கேட்டபோது, 'செட்டியார்' என்பதை ஆங்கில ஆட்சிக் கால பர்மா ஆவணங்கள் வேறு எழுத்துக்கூட்டலில், நடுவில் 'ஒய்' போட்டு எழுதின என்று அது சொல்லித் தந்தது. அந்த ஒரு குறிப்பு இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தியது. நன்றியோடு வரவு வைக்க வேண்டியதுதான்.

ஆனால் மூன்றாவது கேள்வி இருக்கிறதே: முடியாதபோது முடியவில்லை என்று சொல்கிறதா? "சு.ப. விலாசத்தார் பர்மாவில் எந்த ஊரில் கடை வைத்திருந்தார்கள்?" என்று கேட்டோம். தயக்கமில்லாமல் ஓர் ஊரைச் சொன்னது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டோம். அதே தன்னம்பிக்கையோடு வேறோர் ஊர். எந்தத் தாளில் பார்த்தாய் என்றால் வழவழப்பான ஒரு மன்னிப்பு. பழைய தேடுபொறி வடிவேலுவைக் காட்டியபோது தேடல் தோற்றது என்று எங்களுக்குத் தெரிந்தது. இது தோற்றதே தெரியாமல் தோற்கிறது. கோட்டையூரில் அந்தக் காலத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் போய்க் கேட்டிருந்தால், இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்லி ரோஜா முத்தையா எடுத்துக் கொடுத்திருக்க முடியுமா? அலமாரி காட்டிக் கொடுத்துவிடும். இந்த இயந்திரத்துக்கு அலமாரி கிடையாது.

இந்த அளவுகோலில், எல்லாரும் குறைசொல்லும் நூலகப் பட்டியல்தான் நேர்மையான கருவி. பழசு, அழகில்லை, ஒற்றுப் பிழை பொறுக்காது. ஆனாலும் இல்லாததை "இல்லை" என்கிறது. இருப்பதற்கு எண் கொடுக்கிறது. அந்த எண்ணோடு போனால் ஒரு பொருள் கைக்கு வருகிறது.

ஐந்தொகை

வரவையும் பற்றையும் கூட்டிக் கழித்தால் என் தீர்ப்பு இப்படி நிற்கிறது. பொதுத் தேடுபொறி நல்ல தபால்காரர். விலாசம் சரியாக இருந்தால் கடல் தாண்டியும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். விலாசத்தை எழுதித் தரச் சொல்லக் கூடாது. செயற்கை நுண்ணறிவு விஷயம் தெரிந்த பேச்சுத்துணை. என்னென்ன சொற்களில் தேடலாம் என்று அதனிடம் கேட்கலாம். சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. பட்டியலும் மூல ஆவணமுமே கடைசி வார்த்தை. தேடலின் முதல் ஒரு மணி நேரத்தை முதல் இரண்டு கருவிகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் அவற்றிடமே உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி தெரிந்த விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

குற்றத்தைப் பங்கு பிரித்தால் பெரும்பங்கைக் கருவியின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. சுட்டப்படாததை அது சுட்டவில்லை, எழுதப்படாததைப் படிக்கவில்லை. ஒரு லட்சம் பக்கத்தை ஒளிவருடியில் ஏற்றிவிட்டு, "டிஜிட்டல் ஆக்கியாயிற்று" என்று பொன்னாடை போர்த்திக்கொள்கிறோம். அந்தப் பக்கங்களில் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று நாலு வரி எழுதி வைக்க ஆள் போடுவதில்லை. அது விழா எடுக்க முடியாத வேலை. செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளின் தேக்கும் பளிங்கும் அந்தக் கணக்கில் சேரும். பழைய சாமான் வியாபாரி தூணையும் கதவையும் விலை பேசும்போது, பேரேடு எடைக்குப் போகிறது. தூணுக்கு விலை இருக்கிறது; அதை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தாளுக்கு இல்லை.

நண்பர் கதைக்கு வருகிறேன். ஆச்சி சொன்ன சூனா பானாவை எஸ்.பி. என்று மாற்றி, பர்மா ஆவணங்களின் எழுத்துக்கூட்டலில் செட்டியாரைச் சேர்த்து, கூடவே 'கடை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் போட்டுத் தேடினோம். ரங்கூன் உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புத் தொகுதிகள் வந்து நின்றன. கடன்காரர்மேல் வழக்குப் போட்ட செட்டியார் கடைகள் அவற்றில் விலாசத்தோடு வரிசையாக இருக்கின்றன. எங்கள் விலாசத்தில் இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று மோல்மேன், ஒன்று பெகு. கருவி அதோடு நின்றுவிட்டது. எது நம்முடையது என்று சொல்ல அதனிடம் எதுவும் இல்லை.

தகரப் பெட்டியை மறுபடி திறந்தோம். பேரேட்டின் சம்பளக் கணக்கில், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாகப் பற்று எழுதியிருந்தது. நண்பருக்குத் தமிழ் எண்கள் வாசிக்க வராது. பெயர்களை வாசிக்க முடிந்தது. அந்த மேலாள் பெயரும், பெகு வழக்கில் கடையின் சார்பில் ஆஜரானவர் பெயரும் ஒன்று. அவருடைய சொந்த ஊர்ப் பெயரும் ஒத்துப்போயிற்று. அந்தச் சாட்சி 90 வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எங்கே பார்ப்பது என்று சொல்லித் தர ரங்கூன் தீர்ப்பு வேண்டியிருந்தது. தீர்ப்பைக் கொண்டுவரத் தேடுபொறி வேண்டியிருந்தது. தேடுபொறிக்குக் கொடுக்க ஆச்சியின் வாய்ச்சொல் வேண்டியிருந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் பெகு கிடைத்திருக்காது. அவற்றில் ஆச்சி என்ற கண்ணிக்கு மட்டும் நகல் கிடையாது.

அன்று சாயங்காலம் நண்பர் ஒரு முழுத்தாளில் எழுதினார்: சு.ப., சுப., எஸ்.பி.; பிரமோதூத, 1930; பெகு, பாகோ; கடை, மேலாள். அதன் கீழே தாத்தாவின் அப்பா பெயரை முழுசாக எழுதினார். படம் பிடித்து ஏற்றும்போது பேரேட்டோடு இந்தத் தாளும் எழுத்தாகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பேரை எழுதிட்டியா? சரி. நான் சொன்னேன்னு மட்டும் எழுதிராத."